சிந்தாத வாளி

என் தங்கை புருஷனை நான் முகம் பார்த்துக் கணித்ததில்லை. கொக்கியைப் பார்த்துத்தான் கணிப்பேன்.

அவன் டவர் கிரேன் ஆபரேட்டர். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்தில், ஐம்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பான். நான் சிக்னல்காரன். தரையில் நின்று வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு, "எறக்கு, எறக்கு, மெல்ல, நிறுத்து" என்று சொல்கிறவன். சரக்கு எந்தத் தளத்தில் எந்த மூலையில் போய் உட்காருகிறது என்பது பாதி நேரம் அவன் கண்ணுக்குத் தெரியாது. என் குரலை நம்பித்தான் இரண்டு டன் கம்பிக் கட்டை ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோவான். அவன் கையை நம்பித்தான் நான் அதன் கீழே நிற்பேன். ஏழு வருஷமாக இப்படித்தான். வீட்டில் தங்கையோடு சண்டை போட்டுவிட்டு வந்தால் கொக்கி வெடுக்கென்று இறங்கும். நன்றாகத் தூங்கி எழுந்து வந்த நாளில் கொக்கி சொன்ன பேச்சுக் கேட்கும். அந்தக் கொக்கி எனக்குத் தெரியாமல் எதையும் மறைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடைக்காரர் சிரித்தால் நான் தராசைப் பார்ப்பேன். டாக்டர் "ஒண்ணுமில்ல" என்றால் எதையோ மறைக்கிறார் என்று இன்னொரு டாக்டரிடம் போவேன். வேலையிடத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்னை "மோப்பம்" என்று கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பெயர் "மொட்டைமாடி". அது அவனுக்குத் தெரியும், அதற்குத் தானும் சேர்ந்து சிரிப்பான்.

முதலில் சந்தேகப்பட்டது நான் இல்லை, தங்கை. ஆறு மாதமாகவே என் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவர் முன்ன மாதிரி இல்ல. சாப்பாட்டுல கை வச்சிட்டு அப்படியே உக்காந்துடுறார். பாத்ரூமுக்குள்ள போனா ஒரு மணி நேரம் ஆகுது. எப்பப் பாரு மூக்கையும் கையையும் சொறியுறார். கண்ணு நடுவுல இருக்கிற கறுப்பு இருக்கு பாரு, அது சுருங்கிப் போய் பொட்டு மாதிரி இருக்கு. வெளக்க அணைச்சாக்கூட பெருசாகல."

"வெளக்க அணைச்சிட்டு நீ அவன் கண்ணத்தான் பாத்துட்டு இருந்தியா?"

"விளையாடாதே. எனக்குப் பயமா இருக்கு."

"முதுகு வலிக்குதுன்னு மாத்திரை சாப்பிடுறான். அந்த அலுப்பா இருக்கும்."

அதில் பொய் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஏணியில் கால் வழுக்கி, கீழே இருந்த மேடையில் முதுகடிபட விழுந்தான். டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் எப்போது முடிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை. ஏன் என்றால் கொக்கி ஒழுங்காக இருந்தது. சொல்லப்போனால் முன்பைவிட ஒழுங்காக இருந்தது. "கொக்கி நல்லா இருக்கு. நீயா எதையாவது போட்டு மனசக் குழப்பிக்காதே" என்று தங்கையின் வாயை அடைத்துவிட்டேன். ஊரையே சந்தேகப்படுகிறவன், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் பெரிய மனுஷனாக நடந்துகொண்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கொக்கி நடுங்கியது.

ஐந்தாவது தளத்துக்குப் பலகைக் கட்டு போய்க்கொண்டிருந்தது. "நிறுத்து" என்றேன். நின்றது. நின்ற பிறகும் லேசாக ஏறி இறங்கியது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று மேலே இருப்பவனுக்கே முடிவு இல்லாத மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மத்தியானத்துக்குள் நான்கு முறை. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்தான். ஏணியின் கடைசிப் படியில் நான் காத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் போய், தோளில் கை போடுகிற சாக்கில் வாயை முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. முகம் மட்டும் வியர்வையில் குளித்திருந்தது. அன்றைக்கு ஒன்றும் பெரிய வெயில் இல்லை. கொட்டாவி மேல் கொட்டாவி விட்டான். மூக்கு ஒழுகியது.

"என்ன மாப்ள, சரக்கா?"

"சும்மா இருங்க மச்சான். சளி."

பாதுகாப்பு அதிகாரியிடம் ஊதிப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. எல்லோரையும் சோதிக்கச் சொல்கிற மாதிரிச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி அவனையும் ஊதவைத்தேன். பூஜ்யம் காட்டியது. மெஷின் சரியில்லை என்றேன். அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவன் மேலே ஏறியதும், ஓய்வறையில் அவன் அலமாரியைத் திறந்தேன். என்னிடம் சாவி இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், மோப்பம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. சாப்பாட்டுப் பைக்கு அடியில், துண்டுக்குள் சுருட்டி வைத்த ஒரு வைட்டமின் டப்பா கிடைத்தது. உள்ளே இருந்தவை வைட்டமின் இல்லை. அதில் மூன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது உங்களுக்கா?"

"எனக்குன்னா என்ன, வேற ஒருத்தனுக்குன்னா என்ன? இது என்னன்னு சொல்லுங்க."

"வலி மாத்திரைதான். ஆனா அபின் வழி வந்தது. சீட்டு இல்லாம நாங்க குடுக்க மாட்டோம். கொஞ்ச நாளைக்குச் சாப்பிட்டா வலி போகும். தொடர்ந்து சாப்பிட்டா உடம்பு அதுக்குப் பழகிடும். ஒண்ணு போட்ட எடத்துல ரெண்டு கேக்கும், ரெண்டு போட்ட எடத்துல அஞ்சு கேக்கும். வண்டி ஓட்டுறவங்க, மூட்டை தூக்குறவங்க நெறைய பேரு இதுல மாட்டிக்கிட்டாங்க. டாக்டர் எழுதினதுதானே, தப்பில்லன்னு ஆரம்பிப்பாங்க."

"கை நடுங்குமா?"

"நடுக்கம்கிறது எப்ப வரும்னு கேட்டீங்கன்னா..."

"நடுங்குமா நடுங்காதா?"

"நடுங்கும். ஆனா அத நீங்க எப்படிப் புரிஞ்சுக்கணும்னா..."

"போதும்யா. எனக்கு வேண்டியது கெடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். அந்த மனுஷன் பாதிப் பேச்சை வாயில் வைத்துக்கொண்டு கடைக்குள் நின்றார். அவர் சொல்லவந்த மீதிப் பாதியைத்தான் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் ஓய்வறையில் கதவைச் சாத்திவிட்டு, டப்பாவை அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒன்றும் மறுக்கவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"மச்சான், நான் விட்டுட்டேன். சனிக்கிழமையே விட்டுட்டேன். இன்னையோட நாலு நாள்."

"விட்டவன் பையில டப்பா ஏன்?"

"தூக்கிப் போடப் பயமா இருந்தது. இருக்குதுங்கிற தைரியத்துலதான் தொடாம இருக்கேன்."

"நல்லா இருக்குடா கதை. அப்ப கை ஏன் நடுங்குது?"

"விட்டதாலதான் நடுங்குது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போதை ஏறினால் நடுங்குவான், இறங்கினால் அடங்குவான், இதுகூடவா எனக்குத் தெரியாது என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். என் தங்கை கழுத்தில் தாலி கட்டியது, அவளையும் என்னையும் முட்டாளாக்கத்தானா என்றுகூடக் கேட்டேன். அவன் தலை குனிந்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அவன் தடுக்கவில்லை.

அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றோடு அவன் லைசென்ஸ் போகும், தங்கை வீட்டில் அடுப்பு அணையும். சொல்லாமல் விட்டால் ஒருநாள் இரண்டு டன் இரும்பு யார் தலையிலாவது விழும். விழுகிற தலை என்னுடையதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் புத்தியை நினைத்து அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் தொழிலில் புது ஆபரேட்டரைச் சோதிக்க ஒரு முறை உண்டு. பெயிண்ட் வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி கொக்கியில் மாட்டுவோம். தூக்கி, அரை வட்டம் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு பலகையின் மேல் வைக்க வேண்டும். பலகையைச் சுற்றிக் காலி சிமென்ட் பைகளைக் கிழித்து விரித்திருப்போம். அந்தக் காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறுப்பாகத் தெரியும். சிந்தாமல் வைத்தால் கை தேர்ந்த கை.

"நாளைலேர்ந்து தெனமும் காலைல ஆறரைக்கு, ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி, நீ எனக்கு வாளி வச்சிக் காட்டணும். சிந்தாம வச்சா வேலை. சிந்தினா காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போ. மாத்து ஆபரேட்டர் பாத்துப்பான்."

"எத்தன நாளைக்கு?"

"வாளி எப்ப சொல்லுதோ அதுவரைக்கும்."

புதன்கிழமை வாளி பாதி காலியாகித்தான் பலகைக்கு வந்தது. வாக்கி டாக்கியில் அவன் குரல் கரகரத்தது.

"சிந்திடுச்சா மச்சான்?"

"சிந்திடுச்சு. எறங்கு."

இறங்க அவனுக்கு இருபது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு மேடையிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தான். நடுங்குகிற ஒருவனைச் சோதிப்பதற்காக ஐம்பது மீட்டர் ஏற்றி இறக்குகிறோமே, கால் தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காகிதம் நனைந்தது, ஆனால் முழுசாக நனையவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், பதினொரு சொட்டு. சனிக்கிழமை இரண்டே சொட்டு.

"ரெண்டு சொட்டுதானே மச்சான்" என்றான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவன் குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"ரெண்டு சொட்டும் சொட்டுதான். எறங்கு."

கீழே வந்ததும் அவனை நிற்கவைத்துச் சொன்னேன். "நாலு நாளா காய்ச்சல்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது. திங்கட்கிழமையும் சிந்திச்சுன்னா நேரா அதிகாரிகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் உன் பாடு." அவன் முகத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் அணைந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை இரவு தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, சாயங்காலம் முடி வெட்டிட்டு வரேன்னு போனார். ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தார். முடி அப்படியே இருக்கு."

"கடை மூடியிருக்கும்."

"நீயா இப்படிப் பேசுற?"

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு வாளி எழும்பியது. அரை வட்டம் சுற்றியது. கண்ணாடித் துண்டு போல அதன் மேல் தண்ணீர் அசையாமல் இருந்தது. பலகையில் உட்கார்ந்தபோது சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து காகிதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"சிந்திடுச்சா மச்சான்?"

"ஒரு சொட்டு இல்லடா. ஒரு சொட்டு இல்ல." என் உச்சி குளிர்ந்துவிட்டது. என் வழிதான் சரி என்று நிரூபணமாகிவிட்டதே.

அன்று முழுக்கக் கொக்கி தேனாக ஓடியது. சாயங்காலம் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. அவன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். மூக்கைச் சொறிந்தான். பிறகு மணிக்கட்டை. கை தட்டில் இருக்க, இமை மெல்ல இறங்கி, தலை முன்னால் சாய்ந்தது. சட்டென்று நிமிர்ந்து, "அலுப்பு மச்சான்" என்றான். அவன் கண்ணின் கறுப்பு பொட்டாகச் சுருங்கியிருந்தது. குழம்பு ஊற்ற வந்த தங்கை கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் என் கண்முன் நடக்கிறது. ஆனால் வாளியை நினைத்துக்கொண்டேன்.

கைகழுவும் இடத்தில் அவள் என்னை மறித்தாள். "பாத்தேல்ல?"

"வாரம் பூரா உடம்பு சரியில்லாம இருந்து இன்னைக்குத்தான் முழு நாள் வேலை பாத்திருக்கான். தூக்கம் வராதா? வாளி பொய் சொல்லாது. விடு."

"உனக்கு என்னைவிட வாளி பெருசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

பதினொன்றரை இருக்கும். ஏழாவது தளத்துக்குக் கம்பிக் கட்டு போய்க்கொண்டிருந்தது. நானும் அந்தத் தளத்தில்தான் நின்றேன். எட்டுப் பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு அவர்கள் தலைக்கு நேர் மேலே வந்தது. அங்கே நிற்கக் கூடாது, இன்னும் ஆறு மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

"இன்னும் சுத்து மாப்ள."

கட்டு நின்றது.

"சுத்துன்னேன். நிக்காதே, கீழ ஆளு."

பதில் இல்லை. கொக்கி ஆடவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. ஏழு வருஷத்தில் அந்தக் கொக்கி அவ்வளவு அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. கை லிவரிலிருந்து விலகினால் கிரேன் தானாக நின்றுவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசிலை ஊதி எட்டுப் பேரையும் விரட்டினேன். வாக்கி டாக்கியில் அதிகாரியைக் கூப்பிட்டு, இதுவரை மறைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "மாத்திரை போட்டிருக்கான். ஆம்புலன்ஸ் வேணும். மாத்து ஆபரேட்டர மேல அனுப்புங்க." சொல்லிவிட்டு ஏணிக்கு ஓடினேன்.

கேபின் கதவைத் திறந்தபோது அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் இருந்தான். முகவாய் மார்பில் முட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கன்னத்தில் அறைந்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், ஊசிமுனை அளவுக்குக் கறுப்பு. காலடியில் புதுசாக ஒரு வைட்டமின் டப்பா உருண்டு கிடந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வகுப்பில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கப்போட்டு வாயில் மூச்சு ஊதச் சொல்வார்கள். பொம்மைக்குக் கல்யாணமா என்று நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேலி பண்ணுவேன். அந்தக் குறுகலான இடத்தில் அவனை இழுத்துத் தரையில் சாய்த்து, தலையை நிமிர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவன் வாயில் ஊதினேன். நெஞ்சு உயர்ந்தது. மறுபடி ஊதினேன். அவர்கள் தூக்குப்படுக்கையும் கயிறுமாக மேலே வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அத்தனை நேரமும் அவனுக்காக நான்தான் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஏதோ ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது. ஒருமுறை நின்று, மறுபடி திரும்பியது. சாயங்காலம் டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து எங்களிடம் விசாரித்தார்.

"நடுவுல எத்தன நாள் நிறுத்தியிருந்தார்?"

"நிறுத்தவே இல்லைங்க" என்றேன். "ஒரு வாரம் பூரா நடுங்கிட்டே இருந்தான்."

"நடுங்கினார்னா நிறுத்தியிருக்கார்னு அர்த்தம். இந்த மாத்திரை உள்ள இருக்கிறப்ப கை நடுங்காது. மனுஷன் அமைதியா இருப்பார், சொக்குவார், சொறிவார், கண்மணி சுருங்கும். விட்டாத்தான் வியர்வை, கொட்டாவி, மூக்கு ஒழுகல், நடுக்கம் எல்லாம்."



"எப்ப விட்டார்?" என்று அவர் தங்கையைக் கேட்டார்.

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமைன்னு அண்ணன்கிட்ட சொன்னாராம்" என்றாள் தங்கை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்ப ஒரு வாரத்துக்கு மேல தாண்டியிருக்கார். தனியா, மருந்து இல்லாம, யாரும் பக்கத்துல இல்லாம. ரொம்பக் கஷ்டம் அது. எங்ககிட்ட கூட்டிட்டு வந்திருந்தா அவ்வளவு நோகாம விட வச்சிருப்போம். இருந்தாலும் இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுத்திருந்தா நடுக்கம் தானா அடங்கியிருக்கும். மறுபடி தொட்டதுதான் வினை. விட்ட உடம்புக்குப் பழைய தாங்குற சக்தி இருக்காது. பழைய அளவே போட்டாலும் மூச்சு நின்னுடும். திரும்ப ஏன் தொட்டார்னு தெரியல."

டாக்டரம்மா போன பிறகு நான் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, காகிதம், பாதி வாளி, பதினொரு சொட்டு, இரண்டு சொட்டு, சனிக்கிழமை மிரட்டல், எதையும் விடவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப தெனமும் கொறைஞ்சிட்டே வந்திருக்கு" என்றாள். "அவர் ஜெயிச்சிட்டே வந்திருக்கார். நீ ஒவ்வொரு நாளும் தோத்துட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கே."

அவன் உண்மையாக இருந்த நாளெல்லாம் அவனைத் திருடன் என்றேன். அவன் ஏமாற்றிய நாளில் கட்டிப்பிடிக்காத குறையாகக் கொண்டாடினேன். மற்றவர்கள் மேலெல்லாம் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, என் வாளியின் மேல் சந்தேகப்படத் தெரியவில்லை.

அவன் வேலை போய்விட்டது. லைசென்ஸையும் நிறுத்திவைத்தார்கள். மறைத்ததற்காக என்னையும் சிக்னலிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள். அது நியாயம்தான். அவனைப் போதைப் பழக்கத்திலிருந்து விடுவிக்கும் மையத்தில் சேர்த்தோம். முதல் பத்து நாள் யாரையும் உள்ளே விடவில்லை. பதினோராவது நாள் தங்கை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு கட்டில் போட்ட சின்ன அறை. பச்சை பெயிண்ட் அடித்த ஜன்னல். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான். போனதும் என் கண் என்னையறியாமல் அவன் கண்மணிக்குத்தான் போனது. அகலமாக, கறுப்பாக இருந்தது. நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். எனக்கு அவமானமாகப் போயிற்று.

"தண்ணி வேணும்" என்றான் அவளிடம்.

"அண்ணா, குடு" என்றாள் அவள்.

ஜாடியிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். கை இன்னும் முழுசாக அடங்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் ததும்பி, போர்வையிலும் தரையிலும் என் சட்டையிலும் விழுந்தது. அவன் அப்படியே நிறுத்தி, தரையில் விழுந்த சொட்டுகளைப் பார்த்தான். பிறகு பயந்த மாதிரி என்னைப் பார்த்தான்.

"சிந்திடுச்சு மச்சான்."

"சிந்தட்டும் மாப்ள" என்றேன். டம்ளரை வாங்கி, மறுபடி விளிம்பு வரை நிரப்பி, அவன் கையிலேயே கொடுத்தேன்.